ஐந்தாவது இரைப்பை

1934 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை.
நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. சுறாவின் இரைப்பையில் இருந்த கவலை மீன்களை எல்லாம் அது வேட்டையாடித் தின்ற உணவு என்று எழுதிவிட்டேன். அவற்றில் ஒன்று கத்தியால் அறுத்த துண்டு. மீன்பிடிக்கிறவர்கள் தூண்டிலில் மாட்டிய இரை அது. சுறா தேடித் தின்றது வேறு, மனிதன் காட்டி ஏமாற்றியது வேறு. இனி ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் பார்த்த பிறகே எழுத வேண்டும். பிழை சிறியதுதான். இதற்கு முன் எழுதியதில் எத்தனை இப்படி என்று தெரியவில்லை.

காஸ்பர் இதை எழுதியது சாந்தோமில், மாலை வகுப்பு நடக்கும் பங்குப் பள்ளியின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து. பகலெல்லாம் அவனுக்குச் சுறாவின் வயிற்றோடு வேலை. மாலையில் இங்கிலீஷும் கணக்கும். இந்த வருஷம் பரீட்சை தேறினால் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நிலையான உத்தியோகம் கிடைக்கலாம். தேறுவோமா என்று அவனுக்குச் சந்தேகம். அவனுக்கு எதில்தான் சந்தேகம் இல்லை? கதவைப் பூட்டினோமா என்று பாதித் தெரு போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள்.

வேலை கொடுத்தவர் வேதாந்தம். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். சென்னைக் கரையில் பிடிபடும் பால்சுறா கடலில் எதைத் தின்று வாழ்கிறது என்று கட்டுரை எழுதுவதற்காகத் தகவல் சேர்த்துக்கொண்டிருந்தார். பால்சுறா ஆளை விழுங்குகிற ஜாதி அல்ல. ஒரு கை நீளம் இருந்தால் பெரியது. ஆனால் சந்தையில் அதற்கு எப்போதும் கிராக்கி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று அதை வேகவைத்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் போட்டுப் புட்டாக்கிக் கொடுப்பார்கள். மயிலாப்பூர்க்காரரான வேதாந்தத்துக்குச் சுறா வேண்டும், நாற்றம் மட்டும் வீட்டுக்கு வரக்கூடாது. அதனால் கச்சேரி சாலையில் ஒரு பழைய வண்டிக் கொட்டகையைப் பிடித்து, மேஜையும் பீங்கான் தட்டுகளும் வாங்கிப் போட்டு, காஸ்பரை அங்கே உட்கார்த்தி வைத்திருந்தார். கரையிலிருந்து குடலை வாங்கி வந்து, இரைப்பையைக் கீறி, உள்ளே இருப்பதைத் தரம் பிரித்து எழுதுவது அவன் வேலை.

மறுநாள் விடியற்காலையில் கரைக்குப் போனபோது அவனுக்கு இன்னொரு காரியமும் இருந்தது. ராயப்பேட்டையில் அக்கா ஐரினுக்குக் குழந்தை பிறந்து பத்து நாளாகியும் பால் சரியாக இறங்கவில்லை. அவள் கணவர் ரயில்வேயில், பெஸவாடாவில் இருந்தார். மாமியார்தான் எல்லாம் பார்த்துக்கொண்டாள். ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்ததில் குழந்தைக்கு வயிற்றால் போய், முகம் கிழவன் முகம் போலச் சுருங்கிவிட்டது. தம்பிக்காரன் சுறாவோடேயே குடித்தனம் நடத்துகிறானே, அக்காளுக்கு ஒன்று அனுப்பத் தோன்றவில்லையா என்று மாமியார் சொல்லியனுப்பியிருந்தாள்.

ஆரோக்கியநாதனின் கட்டுமரம் அப்போதுதான் கரையேறியிருந்தது. நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டி, இரவெல்லாம் கடலில் போட்டு வைத்துப் பிடிக்கிறவர் அவர். மணலில் கிடந்த ஆறு பால்சுறாவையும் மீன்காரி மர்சலின் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா காஸ்பரு, ஊர்ல அவனவன் கறிய வாங்கினு கொடலைத் தூக்கிக் கடாசறான். நீ கொடல வாங்கினு கறிய உட்டுட்டுப் போறே. உனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"இன்னிக்குக் கறியும் வேணும் அக்கா. ஐரினுக்கு."

அவள் கேலியை நிறுத்தினாள். "இன்னுமா பால் எறங்கல?" என்று கேட்டபடி ஒவ்வொன்றாகப் புரட்டி, வயிறு வெளுத்துத் திரண்டிருந்த ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தாள். "இது கீதே, இது நல்ல சரக்கு. மெளகத் தூக்கலா போடச் சொல்லு. நான் ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குத்தான் போறேன். வூட்டாண்டயே குடுத்துட்டுப் போறேன், நீ அலையாத."

ஆறு குடலும் ஒரே பானைக்குள் போயின. காஸ்பர் பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். அக்காவுக்கு ஒரு நல்லது செய்த திருப்தி அன்றைக்கு அவனுக்கு இருந்தது. அது அடிக்கடி கிடைக்கிற சரக்கு அல்ல.

கொட்டகையில் முதல் இரைப்பை வெறும் பை. தூண்டிலில் மாட்டிக்கொண்டு துடிக்கிறபோது சுறா தின்றதைக் கக்கிவிடுவதும் உண்டு. ஆகவே காலியான வயிறு பட்டினியைக் காட்டாது என்று வேதாந்தம் சொல்லியிருந்தார். இரண்டாவதில் நெத்திலிக் கூழும் இறால் ஓடும். மூன்றாவதில் கிளி மூக்குப் போன்ற இரண்டு கறுத்த அலகுகள், கணவாய் மீனுடையவை. நான்காவதில் கவலை மீன் ஒன்று, முழுசாக. ஓரம் பார்த்தான், அறுத்த இடம் இல்லை, உணவு என்று எழுதினான்.

ஐந்தாவதைக் கீறியதும் விரலில் முள் குத்தியது. தண்ணீர் ஊற்றிக் கழுவினான். பாதி உருண்டை. வெளுத்த வயிற்றுத் தோலில் மணல் ஒட்டியது போல் பொடி முட்கள். ஒரு பக்கம், எலும்பைச் செதுக்கி வைத்தது மாதிரி நான்கே பற்கள்.

பேத்தை.

கரையில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலையில் வந்தால் மணலில் எறிந்துவிடுவார்கள். ஊதிப் பந்தாகி அது அங்கேயே கிடந்து வெடிக்கும், காக்கைகூடக் கொத்தாது. போன வருஷம் திருவான்மியூர்ப் பக்கம் மழைக்காலப் பட்டினியில் பேத்தையைச் சமைத்துத் தின்ற ஒரு புருஷனும் பெண்டாட்டியும், முதலில் உதடு மரத்து, பிறகு நாக்குக் குழறி, அந்திக்குள் மூச்சு நின்று போனார்கள். அவர்களைப் புதைத்த செய்தி சாந்தோம் வரைக்கும் வந்தது.

ஆறாவது இன்னும் பிரிக்காமல் கிடந்த பானையைக் காஸ்பர் பார்த்தான். பிறகு மேஜையில் கிடந்த ஐந்து பைகளையும் பார்த்தான். இந்தப் பை எந்தச் சுறாவினுடையது? சந்தைக்குப் போனதா, அக்கா வீட்டுக்குப் போனதா? மர்சலின் கீறி எறிந்தபோது அவன் பக்கத்தில்தான் நின்றான். பார்த்துக்கொண்டே நின்றான். எதுவும் கவனிக்கவில்லை.

சைக்கிளைக் கொட்டகை வாசலில் சாத்திவிட்டு வேதாந்தம் உள்ளே வந்தார். மூக்கில் அங்கவஸ்திரத்தை வைத்துக்கொண்டு தட்டைக் குனிந்து பார்த்தார்; பிறகு அங்கவஸ்திரத்தை மறந்துவிட்டார்.

"பேத்தைன்னா இது? பால்சுறா வயத்துலயா? பேஷ். இதை நான் எங்கயும் படிச்சதில்லை. ஸ்பிரிட்ல போட்டு வை, காஸ்பர்."

"சார், இதைத் தின்ன சுறாவோட கறியும் விஷமாயிடுமா?"

"ஏன் கேக்கறே?"

காஸ்பர் சொன்னான். சொல்லி முடிக்கிறபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பேத்தை விஷம்னு பொஸ்தகத்துல இருக்கு," என்றார் மெதுவாக. "அதைத் தின்ன சுறா செத்ததாகவும் இல்லை, சுறாவைத் தின்ன மனுஷா செத்ததாகவும் இல்லை. இல்லைன்னா, நடக்காதுன்னு அர்த்தமில்லை. ஒருத்தரும் எழுதலைன்னு அர்த்தம். எனக்குத் தெரியலடாப்பா."

"ஓரம் நேரா இருக்கு சார். கத்தி பட்ட மாதிரி. இது இரையா இருந்தா, ஆரோக்கியநாதன் தூண்டில் முழுக்கவே பேத்தைதான் மாட்டியிருப்பார். அப்போ ஆறு சுறாவும்..."

"சுறாவோட பல்லும் கத்திதானே. அதுவும் நேராத்தான் வெட்டும்." லென்ஸை வாங்கி அந்த ஓரத்தை வெகுநேரம் பார்த்தார். "ரெண்டுமா இருக்கலாம். நீ இங்க நிக்காதே. சைக்கிளை எடுத்துண்டு போ."

அவன் சைக்கிளை எடுத்தான். லஸ் பக்கம் திரும்பினால் ராயப்பேட்டை, எதிர்ப்பக்கம் கடற்கரை. அங்கேதான் காஸ்பர் காஸ்பராக நடந்துகொண்டான். ஆரோக்கியநாதனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் உறுதியாகிவிடும். பேத்தையை இரையாக மாட்டவில்லை என்றால் ஆறில் ஒன்றுதான் சந்தேகம். ஒன்றும் தெரியாமல் போய்ப் பிள்ளை பெற்றவளைக் கலவரப்படுத்தக் கூடாது. அவன் கடற்கரைக்குத் திரும்பினான்.

ஆரோக்கியநாதன் அங்கே இல்லை. குடிசை சாத்தியிருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், அவர் அடையாற்றுப் பக்கம் கயிறு வாங்கப் போயிருப்பார் என்றார்கள். இல்லை, திருவல்லிக்கேணிக்கு என்றான் ஒருவன். காஸ்பர் கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தான். காத்திருக்கிறோம் என்பதே அவனுக்குச் சட்டென்று உறைத்தது. மர்சலினை யாராவது பார்த்தால், ஆரோக்கியநாதன் நேற்று என்ன இரை மாட்டினார் என்று கேட்டுக்கொண்டு ஐரின் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டு, மணலில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ராயப்பேட்டையில் அக்கா இருந்தது ஒரு சந்துக்குள், இரண்டு குடித்தன வீட்டில். முன்பகுதியில் புத்தகம் பைண்டு செய்கிற நூர் முஹம்மதுவும் அவர் மனைவி கமர் ஜஹானும், பின்பகுதியில் ஐரின். நடையில் நுழையும்போதே பூண்டும் மிளகும் வதங்கிய வாசனை வந்தது. வாசனை ஆறியிருந்தது. அடுப்பும் அணைந்திருந்தது.

"வாடா தம்பி," என்றாள் மாமியார். அவள் குரலில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு குளிர்ச்சி. "சொரா சொராதான். தட்டுல ஒரு பொடி மீதி வைக்கல உங்கக்கா."

ஐரின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் தூங்கியது. தட்டு வெறுமையாக இருந்தது.

"எப்ப சாப்பிட்டே?"

"இப்பதான். ஏன், உனக்கு வேணுமா? முன்னாடியே வர்றதுக்கு என்ன?"

அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பேத்தை என்ற சொல்லைக் கேட்டதும் மாமியார் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"உதடு எப்படி இருக்குக்கா?"

"எரியுது."

"எரியுதா, மரத்துப்போன மாதிரியா?"

"அத்தை போட்ட மெளகுக்கு உனக்கும்தான் எரியும்." சிரிக்கப் பார்த்தாள். பிறகு விரலால் உதட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். "தெரியலடா. நீ கேட்டப்புறம் மரத்துட்ட மாதிரியும் இருக்கு."

"சாப்பிட்டதுக்கு அப்புறம் பால் குடுத்தியா?"

"இல்ல. தூங்கறான்."

"குடுக்காதே."

இதற்காகவே காத்திருந்தது போலக் குழந்தை விழித்துக்கொண்டது. அழுகை என்று சொல்ல முடியாத ஒரு முனகல். அழுவதற்கே தெம்பு இல்லாத குழந்தையின் சத்தம்.

மாமியார் காஸ்பருக்கு நேரே வந்து நின்றாள். "நீதானேடா அனுப்பினே? நல்ல சொராவா அனுப்புன்னுதானே சொன்னேன்? வயித்தை அறுத்து அறுத்துப் பாக்கறியே, எங்கூட்டுக்கு வர்றதை மட்டும் அனுப்பினதுக்கு அப்புறமாவா பாப்பே? இப்ப குடுக்காதேன்னா, குழந்தை எதைக் குடிக்கும்? உன் நோட்டுப்புத்தகத்தையா?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

நடைப்பக்கம் கமர் ஜஹான் வந்து நின்றிருந்தாள். அவளுக்கு நாலு மாதத்துப் பெண் குழந்தை. "எல்லாம் காதுல வுழுந்துச்சு பெரியம்மா. பையனை இங்க குடுங்க."

மாமியார் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமைதான் ஞானஸ்நானம். அதுக்கு முன்னாடி..."

"நானும் யோசிக்காம கேக்கல. எங்கள்ள, பால் குடுத்தா பெத்த மாதிரி. எம் பொண்ணுக்கு இவன் கூடப் பொறந்தவனா ஆயிடுவான். நாளைக்குப் பெரியவனாகிக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா நான் செருப்பாலதான் அடிக்கணும்." சொல்லிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தாள். "எங்க வூட்டுக்காரரைக் கேட்டுட்டேன். குடுன்னுட்டாரு. நீங்க சொல்லுங்க."

மாமியார் ஐரினைப் பார்த்தாள். ஐரின் தலையசைத்தாள். கமர் ஜஹான் குழந்தையை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முனகல் நின்றது. கொஞ்ச நேரத்தில் சீரான ஒரு சப்தம் கேட்டது. மாமியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் எதையோ சொல்லிக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போனாள்.

பிறகு காத்திருப்பதுதான் வேலையாக இருந்தது. காஸ்பர் டாக்டரை அழைத்து வந்தான். பக்கத்துத் தெருவில் வைத்தியம் பார்க்கிற வயதானவர். அவர் நாடி பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், கையை மடக்கச் சொன்னார். இதுவரைக்கும் ஒன்றுமில்லை என்றார். சுறாவுக்குள் பேத்தை என்று அவரும் கேள்விப்பட்டதில்லை. உதடு மரத்தால் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், நிமிஷத்தில் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காஸ்பர் அடிக்கடி அக்காவின் பெயரைக் கேட்டான், கணவர் பெயரைக் கேட்டான், நாக்குக் குழறுகிறதா என்று. கடைசியில் அவள் எரிந்து விழுந்தாள். "எம் பேரு எனக்குத் தெரியும்டா. உம் பேரும் தெரியும். உக்காரு."

சாயங்காலம் மர்சலின் வந்தாள். காலிக் கூடையை நடையிலேயே வைத்துவிட்டு, எப்போதும் மெல்லுகிற வெற்றிலைகூட இல்லாத வாயோடு உள்ளே எட்டிப் பார்த்து, ஐரின் உட்கார்ந்திருப்பதைக் கண்டபின்தான் மூச்சு விட்டாள்.

"ஆரோக்கியநாதனைப் புடிச்சிட்டேன். இரை பத்தலையாம். கடைசியா கீற தூண்டி முள்ளு நாலஞ்சுல மட்டும் பேத்தையை அறுத்து மாட்டினாராம். எந்த முள்ளுல எந்தச் சொரா வந்துச்சுன்னு கேட்டா, அதை அந்தச் சொராவைத்தான் கேக்கணும்ன்றாரு."

"மத்த அஞ்சு சுறாவும் யாருக்கு வித்தீங்க?"

"மார்க்கெட்ல வெட்டிக் கூறு போட்டு வித்தேன். அவன் மூஞ்சி இவன் மூஞ்சின்னு எனக்கு ஞாபகமா கீது? சாயங்காலம் வரிக்கும் யாரும் வந்து என் கூடையை ஒடைக்கல. அதுதான் நான் சொல்ல முடியும்." ஐரின் பக்கம் திரும்பினாள். "நல்லதுன்னுதாம்மா பொறுக்கி எடுத்தேன். அந்த மாதாவாண என் கையால நல்லதுன்னுதான்..."

"தெரியும் மர்சலின்," என்றாள் ஐரின்.

அப்போதுதான் காஸ்பர் கவனித்தான். அக்கா முந்தானையை மாற்றி மாற்றி இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். மாமியார் பார்த்துவிட்டாள், அவள் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. பத்து நாளாகக் கஷாயம் வைத்தும், பூண்டைச் சுட்டுக் கொடுத்தும், மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்தும் வராதது. அந்தச் சந்தோஷம் அவள் முகத்திலேயே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"வலிக்குது," என்றாள் ஐரின். "காஸ்பர், இப்ப என்ன செய்யட்டும்?"

அவள் கேட்டது மாமியாரை அல்ல. இந்த வீட்டில் சுறாவின் வயிற்றைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். நல்லது, கொடு என்று சொல்லிவிட அவனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மத்தியானத்திலிருந்து ஒன்றும் ஆகவில்லை. திருவான்மியூரில் செத்தவர்கள் அந்திக்குள் செத்தார்கள். ஆனால் அவர்கள் பேத்தையையே தின்றவர்கள். இவள் பேத்தையைத் தின்ற சுறாவை, அதுவும் ஒருவேளை. பெரியவளுக்கு ஒன்றும் செய்யாதது, கைப்பிடி அளவு உயிருக்கும் ஒன்றும் செய்யாதா? பாலில் இறங்குமா, இறங்காதா?

"தெரியலக்கா," என்றான். "பிழிஞ்சு கீழ ஊத்திடு."

மாமியார் ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து ஐரின் கையில் கொடுத்துவிட்டு, அவளை மறைத்து உட்கார்ந்தாள். காஸ்பரும் மர்சலினும் நடைக்கு வந்து நின்றார்கள். முன்பகுதியில் நூர் முஹம்மது பசை தடவிக்கொண்டிருந்தார். கமர் ஜஹானின் மடியில் இரண்டு குழந்தைகளும் கிடந்தன. சற்றைக்கெல்லாம் மாமியார் கிண்ணத்தோடு கொல்லைக்குப் போனாள். கிண்ணம் பாதிக்கு மேல் இருந்தது. அவள் அதைச் சாக்கடையில் ஊற்றவில்லை. முருங்கை மரத்தடியில் குனிந்து மெதுவாக ஊற்றிவிட்டு, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காஸ்பர் திரும்பவும் உள்ளே போனபோது ஐரின் படுத்திருந்தாள்.

"நான் யோசிச்சுட்டேன்," என்றாள். "ராத்திரிக்குக் கமர் பாத்துக்கறேன்னு சொல்லிட்டா. அவளுக்கும் ரெண்டுக்குப் பத்தாது, நாளைக்குத் தாங்காது. காலையில நான் நல்லபடியா எழுந்தா, என் பிள்ளைக்கு நானே குடுப்பேன். நீ வேணாம்னாலும் குடுப்பேன். எழுந்திருக்கலைன்னா, அப்புறம் நீங்க பாத்துக்குங்க."

"அக்கா, அது மட்டும் போதாது. பெரியவங்க உடம்பு வேற, குழந்தை உடம்பு..."

"வேற எப்படித் தெரிஞ்சுக்கறது? சொல்லு."

அவன் யோசித்தான். வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்த முறைகள் எல்லாம், செத்துப் பிளந்து தட்டில் கிடப்பவற்றுக்கானவை.

"வீட்டுக்குப் போ," என்றாள் மாமியார், கோபம் தீர்ந்த குரலில். "இங்க உக்காந்து அவ மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா அவ எப்படித் தூங்குவா? நான் முழிச்சிருக்கேன். ஏதாவது ஒண்ணுன்னா நூர் முகம்மது ஓடி வருவாரு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சாந்தோமுக்கு நடந்தான். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை. மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவன் உள்ளே போய், அணைக்காத விளக்கின் அருகில் உட்கார்ந்து, தேதி போட்டான். சுறாவின் உணவு என்ற தலைப்பின் கீழ் பேத்தையைச் சேர்க்கவில்லை. தூண்டில் இரை என்று எழுதினான். ஆரோக்கியநாதன் சொன்னது அதற்குப் போதும். கறி விஷமா என்ற வரிக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டான். பிறகு பக்கத்தின் அடியில், எப்போதும் எழுதுகிற இடத்தில், மறுநாள் வேலையை எழுதினான்.

நாளை: கரைக்கும் கொட்டகைக்கும் போக வேண்டாம். விடிந்ததும் ராயப்பேட்டை. அக்கா எழுந்துவிட்டாளா என்று பார்க்க வேண்டும். அவள் பால் கொடுத்தால், அந்தி சாயும் வரை குழந்தையின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.